தௌலியா கடிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

(ஈப்போவில் பெற்றோர்களுக்கும் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு புந்தோங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே! இன்று நான் மேடைப் பேச்சு பேச வரவில்லை. ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1877-இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன் பிறகு வந்த தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டினார்கள். மரத்தின் உடம்பில் காயம் படாமல், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவது லேசான வேலையா? அது ஒரு தொழில்திறன். ஆனால் அந்தத் திறனுக்கு யாரும் ஒரு சான்றிதழ் கொடுக்கவில்லை. தோட்டம் செம்பனையாக மாறியபோது, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, லயத்தை விட்டு வெளியே வந்த நம்மவர்களை நகரம் "திறன் இல்லாத தொழிலாளி" என்றுதான் எழுதிக்கொண்டது. கையில் வேலை இருந்தது, காகிதம் இல்லை. அதே கதை பேரப்பிள்ளைகளுக்கும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சந்திப்பு.

இந்த நாட்டில் கைத்தொழிலுக்கு அரசாங்கம் அங்கீகரித்த சான்றிதழ் சிஜில் கெமாஹிரான் மலேசியா. சுருக்கமாக எஸ்.கே.எம். அதில் மூன்று நிலைகள். அதற்கு மேலே நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இதை நடத்துவது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. முன்பு எம்.எல்.வி.கே. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், அதாவது 652-ஆவது சட்டம் வந்த பிறகு அதுதான் ஜே.பி.கே. ஆனது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.பி.எம். மாதிரி எல்லாரையும் ஒரே நாளில் மண்டபத்தில் உட்கார வைத்து மட்டும் எஸ்.கே.எம். கொடுப்பதில்லை. பயிற்சி மையமே தன் மாணவனை மாதக்கணக்கில் பார்த்து, வேலை செய்ய வைத்து, "இவனுக்கு இந்த வேலை தெரியும்" என்று மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டு ஜே.பி.கே. சான்றிதழை வெளியிடுகிறது. இப்படி மதிப்பிடும் உரிமைக்குப் பெயர்தான் தௌலியா. தௌலியா பெற்ற மையம் பூசாட் பெர்தௌலியா.

தன் மாணவனுக்குத் தானே மார்க் போடுவது பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காக்க மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவர் மதிப்பீட்டு அதிகாரி, பி.பி. என்பார்கள். மாணவன் செய்த வேலையை நேரில் பார்த்து மதிப்பிடுபவர் அவர். இரண்டாவது, மையத்துக்குள்ளேயே அந்த மதிப்பீட்டைச் சரிபார்க்கும் பி.பி.டி. மூன்றாவது, ஜே.பி.கே. நியமித்து வெளியிலிருந்து வரும் பி.பி.எல். இவர் கோப்புகளைத் திறந்து பார்ப்பார், மாணவர்களைச் சந்திப்பார். இந்த மூன்று கைகளும் சேர்ந்தால்தான் சான்றிதழ்.

தௌலியா எப்படிக் கிடைக்கிறது? மையம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தொழிலுக்கு அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் தேசியத் தரத்தின்படி இடம், கருவிகள், பயிற்சிப் பொருள்கள், தகுதியுள்ள பயிற்றுநர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று நேரில் வந்து சோதிப்பார்கள். கவனியுங்கள்: கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு தௌலியா கிடையாது. ஒவ்வொரு தொழிலுக்கும், அதன் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கிடைக்கும். வெல்டிங்குக்குத் தௌலியா இருக்கும் மையம், அதைக் காட்டி ஏர்கோன் பயிற்சிக்கு ஆள் சேர்க்க முடியாது. இரண்டாம் நிலைக்கு இருந்தால் மூன்றாம் நிலைக்கு இருப்பதாகாது.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவது கஷ்டம். மதிப்பீட்டு அதிகாரி வேறு வேலைக்குப் போய்விட்டால் தகுதியுள்ள இன்னொருவரை நியமித்து ஜே.பி.கே.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மெஷின் பழுதானால் சரிசெய்ய வேண்டும். மாணவர் பதிவும் மதிப்பீட்டுக் கோப்புகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். தவறினால் தௌலியாவை மீட்டுக்கொள்ளும் அதிகாரம் ஜே.பி.கே. தலைமை இயக்குநருக்கு உண்டு. அப்போது நடுவில் மாட்டிக்கொள்வது யார்? நம் பிள்ளைதான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா இ.பி.எஃப். பணத்தை எடுத்து மகனை வாகனப் பழுதுபார்ப்பில் மூன்றாம் நிலைக்குச் சேர்த்தார். அந்த மையத்துக்கு இருந்தது இரண்டாம் நிலை வரைக்கும்தான். படித்து முடித்ததும் தங்க ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். கையெழுத்து மையத்தின் தலைவருடையது. ஜே.பி.கே.வின் பெயரே அதில் இல்லை. பையன் கெட்டிக்காரன், இன்ஜினைப் பிரித்துக் கோர்ப்பான். ஆனால் நேர்முகத் தேர்வில் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பால் வெட்டிய பாட்டியின் நிலைமைதான் பேரனுக்கும்.

ஆகவே, சேர்வதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, தௌலியா கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொழிலின் பெயர், நிலை, மையத்தின் முகவரி, காலாவதி தேதி நான்கையும் பாருங்கள். ஜே.பி.கே.வின் மைஸ்பைக் இணையத்தளத்திலும் மையத்தின் பெயரைத் தேடலாம். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுங்கள், அவர்களே தேடிச் சொல்வார்கள்.

இரண்டாவது, பி.பி., பி.பி.டி. யார் என்று பெயர் கேளுங்கள். பிள்ளையை ஜே.பி.கே.வில் எப்போது பதிவு செய்வார்கள் என்று கேட்டு, பதிவுக்கு ஆதாரம் வாங்குங்கள்.

மூன்றாவது, பி.டி.பி.கே. கடன். தௌலியா உள்ள பயிற்சிகளுக்கு இந்தக் கடன் உண்டு. அது இலவசப் பணம் அல்ல. கையெழுத்துப் போட்ட பிள்ளைதான் திருப்பிக் கட்ட வேண்டும். தொகையைப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். தனியார் மையத்துக்குப் போகுமுன் ஈப்போவில் ஐ.எல்.பி. என்று நாம் அழைத்துப் பழகிய அரசாங்கப் பயிற்சிக் கழகத்தையும், தைப்பிங்கின் அட்தெக்கையும் விசாரியுங்கள்.

நான்காவது, தம்பிகளுக்கு: வராத நாளுக்கு வருகைக் கையெழுத்துப் போடாதே. செய்யாத வேலையைச் செய்ததாகக் கோப்பில் வைக்காதே. பின்னால் புகார் செய்யும்போது உன் கையெழுத்தே உனக்கு எதிரியாகும்.

ஐந்தாவது, ஒயரிங் தொழிலுக்கு எஸ்.கே.எம். மட்டும் போதாது. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் கீழ் சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்றிதழும் வேண்டும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். ஜே.பி.கே.வுக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணத்தைக் கேட்டு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அங்கே வக்கீல் வந்து வாதாட முடியாது, எனக்கும் அங்கே இடமில்லை! நீங்களே பேசலாம். ரசீதும் விளம்பரத் தாளும் பத்திரம்.

பல வருடம் ஒர்க்‌ஷாப்பில் உழைத்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்மார்களே, உங்களுக்கும் வழி உண்டு. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. முறையென்று ஒன்று இருக்கிறது. தமிழில் எழுதும்போது மட்டும் அதிகாரிக்குச் சொல்லும் எழுத்துகள் மாதிரியே இருக்கும், குழம்ப வேண்டாம். மறுபடி வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைக்கு ஆதாரம் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறி எஸ்.கே.எம். வாங்கலாம்.

கடைசியாக நம் இயக்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி மையம் திறக்கிறோம் என்று ரிப்பன் வெட்டுவது ஒரு நாள் வேலை. தகுதியுள்ள பயிற்றுநருக்குச் சம்பளம், கருவிக்குச் செலவு, கோப்புக்கு ஓர் ஆள், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு நாள்காட்டி, இவைதான் மையம். அதற்கு வசதியில்லையா? தௌலியா உள்ள மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பி, பஸ் செலவையும் சாப்பாட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவே பெரிய சேவை.

இன்று இங்கிருந்து போகும் ஒவ்வொரு தாயும் பக்கத்து வீட்டில் இதைச் சொல்லுங்கள்: முதலில் கடிதம், பிறகு கையெழுத்து.