பழைய வீடும் பதனக் காற்றும்

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மவர்களுள் பலர், வாடகைக் குடித்தனத்தில் தொடங்கிப் பல ஆண்டுச் சிக்கனத்தால் சொந்த வீட்டை அடைந்தவர்கள். அப்படி அடைந்த வீடு பெரும்பாலும் புது வீடாக இருப்பதில்லை. தில்லியில் கரோல் பாக்கிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலோ, மும்பையில் மாதுங்காவிலோ, வேறொருவர் தம் தலைமுறைக்கென்று கட்டிய வீட்டை வாங்கி, அதை நம் தலைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். அம்மாற்றங்களுள் ஒன்று, வீடு முழுவதையும் ஒரே அமைப்பினால் குளிர்விக்கும் ஏற்பாடு. ‘சென்ட்ரல் ஏர்கண்டிஷனிங்’ என்று யாவரும் வழங்கும் இந்த ஏற்பாட்டைப் பழைய வீட்டில் செய்யுமுன் எண்ண வேண்டியவை எவை என்பதை, தில்லி வீடுகளை முதன்மையான உதாரணமாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

பழைய வீட்டைக் கட்டியவர்கள் இந்த யந்திரத்தை எண்ணிக் கட்டவில்லை. வெயிலை எண்ணிக் கட்டினார்கள். தடித்த செங்கற்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. அது சுவரைக் கடந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பன்னிரண்டு அடி உயரத்தில் கூரை. அதை ஒட்டினாற்போல் வட இந்தியர் ‘ரோஷன்தான்’ என்றழைக்கும் சிறு சாளரம். சூடேறிய காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். மாடித் தளத்தின்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைப் பரப்பி அதன்மேல் ஓடு பதிப்பது வடக்கே வழக்கமாக இருந்தது. கொல்கத்தா வீடுகளின் ஜன்னற்கதவுகளில் சாய்வாக அமைந்த மரப்பட்டைகள் வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். கோடையில் வாயிலில் தொங்கவிட்டு நீர் தெளித்த தட்டியோ நம் வெட்டிவேரால் ஆனது. அவ்வேருக்கு நாம் இட்ட பெயரையே ஆங்கிலமும் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு இருந்தும் அவ்வீடுகள் இன்று நம்மைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். குறை வீட்டினிடத்தில் மட்டும் இல்லை. வீட்டைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது. அக்கம்பக்கத்தில் நான்கடுக்கு வீடுகள் எழுந்து காற்றை அடைத்துவிட்டன. தடித்த சுவர் பகலில் உதவ வேண்டுமானால், அது இரவில் குளிர்ந்தாக வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தில்லியில் ஓர் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையே 35 டிகிரிக்கு மேலிருந்தது. இரவும் இப்படியானால் சுவர் எப்போது ஆறுவது?

மேலும் தில்லிக்கு ஒரு கோடை அன்று, இரு கோடைகள். மே, ஜூன் மாதங்களில் வீசுவது ‘லூ’ என்னும் வறண்ட அனற்காற்று. அப்போது கூலர் நன்றாக உதவும். வறண்ட காற்று நனைந்த திரையின் வழியே நுழைந்து, நீரை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து வருகிறது. ஜூலையில் மழைக்காற்று தொடங்கியதும் காற்றில் ஈரம் நிறைந்துவிடும். மேலும் நீரை ஏற்க அதில் இடமிராது. அதுவரை உதவிய கூலர் அப்போது புழுக்கத்தையே கூட்டுகிறது. இந்த இரண்டாவது கோடைதான் பலரைக் குளிர்பதன யந்திரத்தினிடம் அனுப்புகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் இங்கே ஒரு சொல்லை எடைபோடாமல் இருக்க இயலாது. ‘குளிர்சாதனம்’ என்பது எளிய சொல். ஆனால் பாதிப் பொருளையே சொல்கிறது. ‘பதனம்’ என்பதே முழுப் பொருளைத் தருவது. பாகுக்குப் பதம் உண்டு, உழும் மண்ணுக்குப் பதம் உண்டு, காற்றுக்கும் உண்டு. வெப்பம், ஈரம், தூய்மை, ஓட்டம் ஆகிய நான்கும் அளவாக அமைந்ததே பதமான காற்று. 1902-ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்க எஞ்சினியர் இத்தகைய அமைப்பை வகுத்தது மனிதரைக் குளிர்விப்பதற்காக அன்று. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட வண்ணங்கள் விலகிப்போயின. அந்த ஈரத்தை அடக்கவே அவர் முயன்றார். ஈரத்தை அகற்றாத குளிர்ச்சி அரைகுறையானது என்னும் பாடம் இத்துறையின் பிறப்பிலேயே இருக்கிறது.

இனி நம் சிக்கலுக்கு வருவோம். பழைய வீட்டின் சிறப்பு, மூச்சு விடுவது. குளிர்பதன யந்திரத்திற்கு வேண்டியதோ, மூடிய வீடு. ரோஷன்தானும் சாளர இடுக்கும் கதவின் அடிவெளியும் நேற்று வரை நமக்கு நண்பர்கள். யந்திரம் வந்த அன்றே அவை பணத்தை வெளியே விடும் ஓட்டைகள் ஆகிவிடுகின்றன. ஆகவே இரண்டையும் ஒன்றுசேர்க்குமுன், வாங்கப்போகும் யந்திரத்தைவிட, வாழும் வீட்டையே முதலில் ஆராய வேண்டும். கடைக்குச் சென்று விலை கேட்பது அதற்குப் பின்னரே.

யந்திரத்தின் ஆற்றலை ‘டன்’ என்ற அளவால் சொல்கிறார்கள். இது எடை அன்று. 2000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் வீட்டினின்று அகற்றும் ஆற்றலே ஒரு டன். கணக்கில் சுமார் மூன்றரை கிலோவாட். கப்பலில் வந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸை, அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லத்தை, அறிந்தவர்களுக்கு இந்த அளவு எளிதில் மனத்தில் பதியும்.

உதாரணமாக, 1200 சதுர அடியுள்ள ஒரு பழைய வீட்டை எண்ணிக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, கூடத்தில் நின்றபடியே, 120 சதுர அடிக்கு ஒரு டன் வீதம் பத்து டன் என்று சொல்லிவிடுகிறார். தேர்ந்த எஞ்சினியர் அப்படிச் சொல்லமாட்டார். மேலே மாடி உண்டா, வெறும் தளமா? மேற்கு நோக்கிய ஜன்னல்கள் எத்தனை? பகலில் புழங்கும் அறை எது, இரவில் உறங்கும் அறை எது? காற்று கசியும் இடங்கள் எவை? இவற்றையெல்லாம் அளந்து எழுதிக்கொள்வார். பகலில் கூடமும் இரவில் படுக்கையறைகளும் குளிர்ந்தால் போதுமென்றும், தளத்தையும் இடுக்குகளையும் முதலில் சீராக்கலாம் என்றும் கண்டால், அவர் கணக்கு ஏழு டன்னிலேயே அடங்கலாம்.

மூன்று டன் கூடுதலாக இருந்தால் என்ன, குளிர்ச்சிதானே கூடும் என்று நினைத்தல் இயல்பே. ஆனால் உண்மை வேறு. அளவுக்கு மிஞ்சிய யந்திரம், காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் ஓடும். ஈரத்தைக் காற்றினின்று பிரிக்க, குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்று இடைவிடாமல் பாய வேண்டும். அதற்கு அவகாசமே இராது. விளைவு, ஆகஸ்டு மாதத்தில் சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் ஓர் அறை, சுவரில் பூஞ்சை, அடிக்கடி நின்று ஓடுவதால் தேயும் யந்திரம். பெரியதை வாங்கியவர், பணத்தைக் கொடுத்து ஈரத்தை வாங்கியவர் ஆகிறார்.

ஆகவே யந்திரத்திற்கு முன் வீட்டிற்குச் செய்ய வேண்டிய பணிவிடைகள் சில உண்டு. மேல்தளத்தில் வாழ்வோருக்கு வெப்பத்தின் பெரும்பகுதி தலைக்கு மேலிருந்தே இறங்குகிறது. தளத்தின் வெடிப்புகளை அடைத்து, வெள்ளை ஓடோ வெயிலைத் திருப்பும் வெண்பூச்சோ இடுவது முதல் வேலை. மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பு அமைப்பது சிறந்தது. கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயில், திரையால் திரும்பிப்போவதில்லை. ரோஷன்தானைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டாம். இறுக மூடவும் வேண்டும்போது திறக்கவும் ஏற்ற கண்ணாடிக் கதவு அதற்குப் போதும். மார்ச்சிலும் அக்டோபரிலும் யந்திரம் ஓடாத நாட்களில் அதன் பழைய உதவி நமக்கு வேண்டும்.

அடுத்தது, காற்று செல்லும் வழி. ஒரு டன்னுக்கு நிமிடத்திற்குச் சுமார் 400 கன அடிக் காற்று பாய வேண்டும். ஏழு டன்னுக்கு 2800 கன அடி. அதை இரைச்சலின்றிக் கொண்டுசெல்ல, தலைமைக் குழாய் ஏறக்குறைய மூன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ளதாக இருக்க வேண்டும். இத்தகைய தகரக் குழாயை, அதன்மேல் சுற்றும் வெப்பக்காப்பு உறையுடன், கூரைக்கும் பொய்த்தளத்திற்கும் இடையில் மறைக்கிறார்கள். பன்னிரண்டு அடிக் கூரை இதைத் தாங்கும். ஒன்பது அடிக் கூரை தாங்காது. குறுக்கே உத்தரம் வந்தால், குழாய்க்கு வழிவிட உத்தரத்தை வெட்டுவது ஒருபோதும் கூடாது. இரும்பு உத்தரங்களின்மேல் கற்பலகை பாவிய தில்லித் தளங்களிலும், மரக்கட்டைகளின்மேல் சுண்ணாம்புத் தளம் அமைந்த கொல்கத்தா வீடுகளிலும், பாரத்தைத் தொங்கவிடுமுன் கட்டட எஞ்சினியர் ஒருவரின் சம்மதம் வேண்டும்.

இடமில்லாத வீட்டிற்கு இன்னொரு வழி உண்டு. வெளியே ஒரே யந்திரம். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய்கள் அறைதோறும் சென்று சிறு கருவிகளை இயக்கும். அறைக்கு அறை வேண்டிய அளவே ஓடும் இம்முறையை ஜப்பானில் டைக்கின் நிறுவனம் 1982-ல் வெளியிட்டது. சுவரை அதிகம் இடிக்காததால் பழைய வீட்டிற்கு இது பெரிதும் ஏற்றது. ஆனால் நீண்ட குழாய்களில் அடங்கிய வாயு ஒரு சிறிய அறையில் கசிந்தால் தீங்கு நேரலாம். புதிய வாயுக்களுள் ஆர்-32 போன்றவை சிறிதளவு தீப்பற்றும் இயல்பும் உடையவை. எனவே குழாய் இணைப்புகளைப் பயிற்சி பெற்றவரே செய்து, வாயுவை நிரப்புமுன் அழுத்தச் சோதனை நடத்தி, அதை உங்கள் கண்முன் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது மின்சாரம். பழைய வீட்டின் கம்பிகள், சில விளக்குகளையும் விசிறிகளையும் ஒரு வானொலிப் பெட்டியையும் எண்ணிப் போடப்பட்டவை. ரப்பர் உறை உதிர்ந்து, மரப்பட்டைக்குள் மறைந்து கிடக்கும் கம்பிகள் இன்னும் சில சுவர்களில் உண்டு. பூமித் தொடர்பே இல்லாத வீடுகளும் உண்டு. ஏழு டன் யந்திரம் கடும் வெயிலில் எட்டு ஒன்பது கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். பழைய கம்பியில் அதைப் பாய்ச்சினால், வெப்பம் வெளியே தெரியாமல் சுவருக்குள் ஏறும். வீட்டார் உறங்கும் நேரத்தில் அது தீயாகலாம். மின் நிறுவனத்திடம் அநுமதி பெற்ற அளவை உயர்த்துதல், மீட்டரிலிருந்து தனிக் கம்பி இழுத்தல், பூமித் தொடர்பு, தானே துண்டிக்கும் விசை ஆகிய நான்கும் முடியாமல் யந்திரத்தை வீட்டிற்குள் ஏற்றக்கூடாது. செலவு மதிப்பீட்டில் இவை இல்லையென்றால், அந்த மதிப்பீடு மலிவானது அன்று, முடிவுபெறாதது.

நீரையும் மறக்கலாகாது. மழைக்காலத்தில் காற்றினின்று பிரியும் ஈரம் மணிக்குப் பல லிட்டர் நீராகச் சொட்டும். அதற்குரிய குழாய் நூறு அடிக்கு ஓரடியாவது சரிய வேண்டும். இல்லையெனில் நீர் பொய்த்தளத்தில் தேங்கிச் சுண்ணாம்புச் சுவரை ஊறவைக்கும். ஈரம் கண்ட மரத்தைக் கரையான் தேடி வரும். வெளியே வைக்கும் யந்திரத்தின் அனல், அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கிப் பாயக்கூடாது. மாடித் தளம் பிறருக்கும் உரியதாயின் அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் பெறுதல் நலம்.

மூடிய வீட்டில் ஒரே காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தால் தலை கனக்கும். ஆகையால் வடிகட்டிய புதுக்காற்று சிறிதளவு நுழைய வழி வைக்க வேண்டும். சமையலறைக் காற்றை மட்டும் இச்சுழற்சியில் சேர்க்கக்கூடாது. நம் வீட்டுத் தாளிப்பு வாசனை கூடம் வரை வந்தால் பசியைக் கிளப்பும்; குழாய் வழியே படுக்கையறைத் தலையணை வரை சென்றால் அது வேறு கதை. அடுப்பங்கரைக்கு வெளியேற்றும் விசிறி தனியே இருக்கட்டும்.

வேலை முடிந்த நாளில் குளிர் வருகிறதா என்று மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் காற்றின் அளவு, வெப்பநிலை, ஈரம் ஆகியவற்றை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்குத் தாளையும் குழாய் வரைபடத்தையும் வீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள். பிறகு யந்திரத்தை 24 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் உடலுக்கும் சுகம், மின்சாரத்திற்கும் சிக்கனம். 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, நட்சத்திரக் குறியுள்ள அறைக் குளிர்பதன யந்திரங்கள் இந்த 24 டிகிரியிலேயே தொடங்குமாறு அரசாங்கம் விதித்திருப்பதும் இக்கருத்தினாலேயே.

எல்லா வீட்டிற்கும் இந்தப் பெரிய ஏற்பாடு தேவை என்று சொல்வதற்கில்லை. இருவரோ மூவரோ வாழ்ந்து, இரவில் ஓர் அறையில் உறங்கும் குடும்பத்திற்குத் தனி அறை யந்திரம் ஒன்றே போதும். நாள் முழுவதும் பல அறைகளில் மக்கள் புழங்கும் வீட்டிற்கே வீடு தழுவிய அமைப்பு பொருந்தும். ஊரிலிருந்து வயதான தாய் தந்தையரை அழைத்து வந்து நம்முடன் வைத்துக்கொள்ளும் வீடுகள் பல. கடற்காற்றிலோ காவிரிக்கரை மரநிழலிலோ பழகிய அவர்களுக்குத் தில்லி ஜூன் மாதத்து இரவு உயிருக்கே சோதனையாகலாம். அவர்கள் பொருட்டு நாம் செய்யும் இச்செலவு ஆடம்பரம் ஆகாது. ஆனால் அவர்கள் உறங்கும் அறையின் சுவருக்குள் ஓடும் கம்பியும், தலைக்கு மேல் தொங்கும் பாரமும் பத்திரமானவை என்று உறுதி செய்துகொள்வதும் அந்தக் கடமையைச் சேர்ந்ததே. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், மாடித் தளத்திலிருந்து மின்சார மீட்டர் வரை தேர்ந்த எஞ்சினியர் ஒருவருடன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.