பொறுப்பைப் போதிப்பவர் யார்?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"உங்கள் தாழ்வுக்கு நீங்களே காரணம், முதலில் உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்னும் உபதேசத்தை அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டு வருகின்றனர். அவ்வுபதேசம் இரண்டு வாய்களிலிருந்து வருகின்றது. பெற்று வளர்த்த தாய் தன் மகனுக்கு அதனைச் சொல்கிறாள். அம்மகனுக்குக் கதவடைத்தவனும் அதனையே சொல்கிறான். சொல் ஒன்றே, பொருளும் ஒன்றாகுமா? இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்கும் வழக்கு.

அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பின், 1895இல், புக்கர் ரீ. வாஷிங்ரன் என்னும் கறுப்பினத் தலைவர் அற்லாந்தா நகரில் உரையாற்றினார். தொழில் கற்று, உழைத்து, பொருளீட்டி உயர்வதே முதற்கடன். சமத்துவக் கிளர்ச்சி பின்னர் ஆகட்டும் என்பது அவர் கொள்கை. வெள்ளையர் பலர் அவரைப் புகழ்ந்தனர். மறு ஆண்டிலேயே, இனத்துக்கொரு புகையிரதப் பெட்டி ஒதுக்கும் சட்டம் செல்லும் என்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது! டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்னும் பேரறிஞர் 1903இல் வெளியிட்ட நூலில் வாஷிங்ரனை மறுத்தார். வாக்குரிமை அற்றவன் தான் ஈட்டிய பொருளை எங்ஙனம் காப்பான் என்பதே அவர் எழுப்பிய வினா.

அம்மக்கள் தம் பொறுப்பை உணராதிருந்தனரா? சாட்சியங்களைப் பாருங்கள்.

முதலாவது, சிக்கனம். விடுதலை பெற்றோர் பணம் சேமிப்பதற்கென 1865இல் அமெரிக்கப் பாராளுமன்றமே ஒரு வங்கியை நிறுவச் சட்டமியற்றியது. அரசே பிணை நிற்கின்றது என நம்பிப் பலர் தம் கூலியில் மிச்சம் பிடித்துச் சேமித்தனர். நிர்வாகிகள் அப்பணத்தைத் தகாத கடன்களாக வாரி வழங்கினர். 1874இல் வங்கி மூடப்பட்டது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஏறக்குறைய முப்பது இலட்சம் டொலர் முடங்கியது.

இரண்டாவது, கல்வி. 1912 தொடக்கம் 1932 வரை தென் மாநிலங்களில் றோசன்வால்ட் என்னும் செல்வரின் உதவியோடு ஏறக்குறைய 5000 கறுப்பினப் பாடசாலைகள் எழுந்தன. அவற்றுக்காக அச்செல்வரின் நிதியம் கொடுத்ததிலும் கூடுதலான பணத்தை ஏழைக் கறுப்பின மக்களே திரட்டினர். வரியும் செலுத்திப் பாடசாலைக்கு நன்கொடையும் கொடுத்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது, வாணிகம். ரல்சா நகரின் கிறீன்வுட் பகுதியில் கறுப்பினத்தவர் தம் சொந்த முயற்சியால் கடைகளும் விடுதிகளும் நிறைந்த செழிப்பான வீதியை உருவாக்கினர். 1921இல் வெள்ளையர் கும்பல் முப்பத்தைந்து தெருத்தொகுதிகளைத் தீக்கிரையாக்கியது. கலவரத்தால் நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று காப்புறுதிக் கம்பனிகள் கைவிரித்தன.

இவையெல்லாம் பழங்கதை என்பீர்களாயின், 2003இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். மில்வோக்கி நகரில் ஒத்த தகுதியுடைய இளைஞர்கள் வேலை தேடி அனுப்பப்பட்டனர். சிறைசென்று வந்ததாகச் சொன்ன வெள்ளையருக்கு நூற்றுக்கு 17 இடங்களில் மறு அழைப்புக் கிடைத்தது. குற்றமே செய்யாத கறுப்பினத்தவருக்கு நூற்றுக்கு 14 இடங்களிலேயே கிடைத்தது. குற்றவாளியும் நிரபராதியும் வேலை தேடி நின்றபோது தோலின் நிறமே தீர்ப்புச் சொல்லியது.

நீதியை நாடி வருபவன் கறைபடாத கையோடு வரவேண்டும் என்பது சட்டம் கற்றோர் அறிந்த விதி. சேமித்தவனின் பணத்தை இழக்கவிட்டு, கட்டிய கடையை எரியவிட்டு, தகுதியுடையவனைத் திருப்பியனுப்பும் சமுதாயம், "பொறுப்போடு வாழ்" என்று போதிக்கும் தகுதியை இழந்துவிடுகின்றது. காலை முறித்தவன், நொண்டுகிறாயே என்று குற்றஞ்சாட்டுவதை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

ஆயினும், வழக்கு இத்துடன் முடியவில்லை. தன் தெருவிலேயே தன் இனத்தானைச் சுட்டு வீழ்த்தும் இளைஞனை இனவெறியின் பெயரால் மன்னிக்க முடியாது. வறுமையும் வேலையின்மையும் அவனை அவ்விடத்திற் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். துப்பாக்கியின் விசையை இழுத்த விரல் அவனுடையதே. பிள்ளையை மறந்த தகப்பனுக்கும் இதுவே விடை. தாய் சொல்லும் பொறுப்பு இது. பகைவன் அதனைக் கேடாகப் பயன்படுத்துகிறான் என்பதற்காகத் தாய் வாய்மூடியிருத்தல் தகாது.

அவ்வாறாயின் வழி எது? 1955 டிசெம்பரில் மொன்ற்கொமறி நகர மக்கள் அதனைக் காட்டினர். றோசா பார்க்ஸ் என்னும் மாது பஸ்வண்டியில் வெள்ளையருக்கு ஆசனம் கொடுக்க மறுத்துக் கைதானார். அதன் பின் 381 நாட்கள் அந்நகரக் கறுப்பின மக்கள் பஸ்வண்டி ஏறவில்லை. வீட்டுவேலை செய்யும் பெண்கள் கால்நடையாகச் சென்றனர். கார் உடையோர் அயலாரை ஏற்றிச் சென்றனர். தலைவரான மாட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்த போதும் கூடிய மக்கள் கை ஓங்கவில்லை. அதே வேளையில் அவர்களின் சட்டத்தரணிகள் நீதிமன்றில் வாதாடினர். 1956இல் அப்பாகுபாடு சட்டவிரோதமென உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அங்கே ஒழுக்கம் உரிமைக்குப் பதிலாக நிற்கவில்லை. உரிமைப் போருக்குப் படைக்கலமாயிற்று. ஒவ்வொருவரும் தம் கால்களைக் கொண்டு பொறுப்பை ஏற்றனர்; எவரும் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே, இளைஞர்களே, பொறுப்பைப் பற்றி யாரேனும் பேசக் கேட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் என்னோடு நடக்கிறவரா, என்னை நடக்கவிடாதவரா? நடக்கிறவராயின் அவர் சொல்லுக்குத் தலைவணங்குங்கள். நடக்கவிடாதவராயின், முதலில் வழியை விட்டு விலகச் சொல்லுங்கள்!