மடிக்கணினி வாங்கும் முன்



பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நகைக்கடையில் சங்கிலி வாங்கினால், நிறுத்துப் பார்க்காமல் காசு கொடுப்போமா? மடிக்கணினிக்கும் அந்த நிதானம் வேண்டும்.

துப்புத் தேடிப் புதிர் விடுவிக்கும் கதை விளையாட்டுகளைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். அதற்கு விலையுயர்ந்த கணினி வேண்டியதில்லை. 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' போன்றவை, 'ஸ்கம்விஎம்' என்னும் இலவச மென்பொருளின் துணையால் சிறிய, பழைய கணினியிலும் ஓடும். முப்பரிமாணப் புது விளையாட்டுகளுக்குத்தான் செலவு அதிகம்.

மூன்றைக் கவனியுங்கள். நினைவகம் 8 கிகாபைட் இருக்கட்டும். சேமிப்புக்குச் சுழலும் வட்டு வேண்டாம், எஸ்எஸ்டி கேளுங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் உண்மை தெரிந்துவிடும்.

பள்ளிப் பாடத்துக்கும் அதே கணினி போதும். பிள்ளையின் ஆசையும் நிறைவேறும். சம்பளம் தவணைக் கடனில் கரையாது.