குயவர் வீட்டில் ஒரு பகல்

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் ஏறுகிறவர்கள் கோவில் கட்டிய வரலாற்றைச் சொல்லுவது வழக்கம். நமக்கு முன் பேசிய பெரியவர்கள் அதைக் குறைவறச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நாம் மண்பாண்டம் வனையப் போன கதையைச் சொல்ல அனுமதி கேட்கிறோம். சிரிப்பு வருமிடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.

சென்ற தை மாதத்தில் நம் உபதேசியாரும் நாமுமாக மானாமதுரைக்குப் போனோம். விழாவுக்கு அகல் விளக்குகள் சொல்லிவைப்பதே நோக்கம். வைகைக் கரையிலுள்ள அந்த ஊரின் கடத்தை அறியாத சங்கீத வித்துவான் இல்லை. அங்குள்ள மண்பாண்டங்களுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நாங்கள் சென்ற வேளார் வீட்டில் புதியவர்களுக்கு அரை நாள் தொழில் கற்றுத்தருகிறார்கள் என்று தெரிந்ததும் உபதேசியார், "முப்பது வருசமா குயவரைப் பத்திப் பிரசங்கம் வைக்கிறீங்களே சாமி, ஒரு தடவை உட்கார்ந்துதான் பாருங்களேன்" என்றார். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தோம்.

கண்மாய் மண்ணை ஊறவைத்து, மணல் கலந்து, காலால் மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கி எடுப்பதிலேயே பாதிப் பாடு முடிந்துவிடுகிறது. திருகை இப்போது மோட்டாரில் சுற்றுகிறது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்துக் குயவருக்கு அந்த வசதி இல்லை, அவர் காலால் சுற்றினார். மண்ணுருண்டையைத் திருகையின் நடுமையத்தில் நிறுத்துவதுதான் முதற்பாடம். வேடிக்கை பார்க்கிறவனுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, கையை அசையாமல் வைத்திருக்கவேண்டும். நம் கையோ மண்ணோடு சேர்ந்து ஆடியது. மண் வழிக்கு வரவில்லையென்று தண்ணீரை மேலும் மேலும் விட்டோம்; கூழாகிச் சரிந்தது. மூன்று முறை இப்படி. அதற்குள் உபதேசியார் சிறு அகல் ஒன்றை எடுத்துவிட்டார். வாய் சற்றுக் கோணல்தான், ஆனாலும் அகல்.

சரிந்த மண்ணைக் காட்டி, "இதை எறிந்துவிடலாமா?" என்று கேட்டோம். அந்த வீட்டுப் பெரியவர் சிரித்தார். "ஈர மண்ணை யாரு சாமி எறிவா? பிசைஞ்சா அடுத்த பானை. சுட்டது உடைஞ்சாத்தான் ஓடு."

உபதேசியார் பேச்சற்றுப் போனார். கை கழுவுமிடத்தில்தான் வாய் திறந்தார். "அப்ப என் மகன் அடக்கத்தன்னிக்கு நீங்க சொன்னது எந்த மண்ணு சாமி?"

அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்லுகிறோம். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன், நாம் இப்பங்குக்கு வந்த புதிதில், அவருடைய இருபத்திரண்டு வயது மகனை அடக்கம் செய்தோம். அன்று எரேமியாவின் குயவரைக் காட்டி, வனைந்தவருக்கு உடைக்கவும் உரிமை உண்டு என்று பிரசங்கம் வைத்தோம். நன்றாகப் பேசினோம் என்ற நினைப்போடு வீடு திரும்பினோம். அவரோ அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஆறு ஆண்டுகளாக உங்களுக்குச் செபம் சொல்லித்தந்திருக்கிறார்.

அன்றிரவு விவிலியத்தைத் திறந்தோம். எரேமியா 18ஆம் அதிகாரத்தில் குயவர் எதையும் உடைக்கவில்லை. கையிலிருந்த பாண்டம் கெட்டுப்போகிறது. அதே மண்ணால் வேறொன்று வனைகிறார். உடைப்பது 19ஆம் அதிகாரம். அங்கே இறைவாக்கினர் சுட்ட கலயத்தை விலைக்கு வாங்கி, பென்இன்னோம் பள்ளத்தாக்கில் மூப்பர்கள் பார்த்திருக்க உடைக்கிறார். பிள்ளைகளைத் தீயில் பலியிட்டவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்த நாம் இரண்டு அதிகாரங்களையும் ஒன்றாகக் குழைத்துவிட்டோம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அவரிடம் போய்ச் சொன்னோம். கேட்டுக்கொண்டு, "சரி சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகையால் உங்கள் முன்னிலையிலும் அந்தப் பிரசங்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

பீடத்தின் இடப்புறம் எரிகிற அகல்களில் வாய் கோணியிருப்பது அவர் வனைந்தது. நாம் சொல்லிவைத்த விளக்குகளோடு அதுவும் சூளையில் வெந்து வந்து சேர்ந்தது. நம்முடையது சூளை வரை போகவில்லை. மண் குவியலுக்கே திரும்பிவிட்டது.