அளவுகோல் உங்கள் விரல்



ராயப்பன்பட்டியில் கழுத்து வலியைப் பற்றிப் பேச முன்னுரை தேவையில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் முகத்தை அண்ணாந்து, கையை உயர்த்திக் கவாத்து வெட்டுகிறவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். என் அம்மாவும் அப்படி நின்றவர்தான். அவருடைய தோள்வலிதான் என்னை அக்குபங்சர் படிக்க அனுப்பியது.

இந்தச் சீன வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த வழியில் ஒரு தியாகம் இருக்கிறது. 1938இல், ஜப்பானியப் படையெடுப்பில் தவித்த சீனத்துக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் சோலாப்பூர்க்காரர் துவாரகநாத் கோட்னிஸ், 1942இல், 32 வயதில், அந்த மண்ணிலேயே உயிர்விட்டார். உடன் போன பி.கே. பாசு ஊர் திரும்பினார். 1950களின் கடைசியில் மறுபடியும் சீனா சென்று ஊசி வைத்தியம் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். இன்று பக்கத்துக் கம்பத்திலிருந்து அ. உமர் பாரூக் அதைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதுகிறார். 2019இல் மத்திய அரசு இதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது.

உடம்பில் ஊசி குத்த 361 புள்ளிகள். மனப்பாடம் செய்வது கடினம்தான். ஆனால் அவற்றை அளக்கும் முறையில் நான் சொக்கிப்போனேன். மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரல் அகலத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே, நெய்குவான் என்றொரு புள்ளி. யாருடைய விரல்? நோயாளியின் விரல். பச்சைப் பிள்ளைக்கு அதன் விரல், மண்வெட்டி பிடித்த கைக்கு அந்தக் கையின் விரல். நம் வர்ம ஆசான்களும் விரற்கடைக் கணக்குதானே வைத்திருக்கிறார்கள்! இந்தப் புள்ளிகளைக் கற்பிக்க, 1027இல் சீன வைத்தியர் வாங் வெய்யி வெண்கல மனித உருவங்களைச் செய்வித்தார். மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்பி, மாணவனிடம் ஊசியைக் கொடுப்பார்கள். சரியான இடத்தில் குத்தினால்தான் தண்ணீர் கசியும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே அத்தனை கறாரான பரீட்சை.

அந்தக் கறார் இன்றும் வேண்டும் என்கிறேன். ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலை நெய்குவான் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாட்பட்ட கழுத்து, முதுகு வலிக்கும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் அதே ஆய்வுகள் பலவற்றில், பொய்யாகக் குத்திய ஊசிக்கும் வலி கணிசமாகக் குறைந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு நான் வைத்தியம் பார்க்கமாட்டேன். பழைய வைத்தியத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்குச் சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையாரைப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டு ஏட்டில், மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு என்று படித்தார். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்து, குறைந்த சூட்டில் சத்தைப் பிரித்தார். எலியில், குரங்கில், பிறகு தம் உடம்பிலேயே சோதித்தார். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கிடைத்தது; 2015இல் நோபல் பரிசும் வந்தது. முன்னோர் சொல்லை மதித்ததால்தான் அதைச் சோதித்தார்.

ஆகவே தாய்மார்களே, ஊசி போட்டுக்கொள்ள யாரிடம் போனாலும், உங்கள் கண்முன்னே புது உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரையை, டி.பி. மாத்திரையை நிறுத்து என்று ஒருவர் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், எழுந்து உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுங்கள்.