மலைப் பயணத்துக்கு உலர்ந்த ஆகாரம்



கோலார் தங்கவயலில் வாழும் தமிழரில் பெரும்பாலோர் வடஆற்காட்டிலிருந்தும் அதை அடுத்த மாவட்டங்களிலிருந்தும் சென்றவர்களின் வழிவந்தவர்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பொறுப்பேற்றது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், அவர்களுடைய வாழ்வு பூமிக்கு அடியில் இறங்கும் வேலையைச் சுற்றியே அமைந்திருந்தது. இன்று அவர்களுடைய மக்களும் பேரர்களும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். இத்தகைய குடும்பத்தினர் விடுமுறை நாளில் குழந்தைகளுடன் கோலாரை அடுத்த அந்தரகங்கை மலைக்கோ, முளபாகல் அருகிலுள்ள ஆவணி மலைக்கோ சென்றுவருவது அதிகச் செலவில்லாத நல்லதோர் இன்பமாகும்.

மலைக்குப் போகும்போது நாம் வழக்கமாக எடுத்துச் செல்வது கட்டுச்சோறு. புளியோதரையும் தயிர்ச்சோறும் ஒரு பகற்பொழுதுக்குப் போதும். ஆனால் அதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது பாரம். அரைக் கிலோ அரிசியை வடித்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ சோறாகிறது. கூடுதலான எடை முழுவதும் தண்ணீரே. இரண்டாவது, கோடை வெயிலில் சோறு விரைவில் கெடுவது. இரண்டு நாள் தங்குவதாயின் கட்டுச்சோறு உதவாது.

இவ்விரண்டுக்கும் காரணம் தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டால் பாரமும் குறைகிறது. கிருமிகளும் பெருக வழியில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்துப் பகல் வெயிலில் உலர்த்திப் பல்லாண்டுகள் சேமித்தார்கள். லடாக்கில் வறுத்த வாற்கோதுமை மாவைத் தேநீரில் பிசைந்து உண்கிறார்கள். நம் படைவீரர்களுக்கான உணவை ஆராய்வதற்கென்றே 1961-ஆம் ஆண்டில் மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. நம் வீட்டு வற்றலும் அவலும் சத்துமாவும் இதே வழியைச் சேர்ந்தவைதாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெந்த சோற்றையும் பருப்பையும் வீட்டில் வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டலாம் என்று சிலர் எண்ணக்கூடும். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. பின்னர் சுடவைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. மலையுச்சியில் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டால், வைத்தியரை அடைவதற்குள் உடல்நீர் வற்றி ஆபத்து நேரலாம். ஆதலால் வெந்ததை உலர்த்துவதைவிட வறுத்ததையும் பொரித்ததையும் கொண்டுசெல்வதே குடும்பத்துக்கு ஏற்ற முறை.

மூன்று பண்டங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது புளி அவல். புளியைக் கொட்டை, நார் நீக்கிச் சருகாக உலர்த்திக்கொள்ளுங்கள். மிளகாய், கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயின்றி வறுத்து, புளியும் உப்பும் சேர்த்துப் பொடியாக்குங்கள். கெட்டி அவலை லேசாக வறுத்து இந்தப் பொடியுடன் கலந்து வையுங்கள். மலையில் ஒரு தம்ளர் அவலுக்கு ஏறக்குறைய ஒரு தம்ளர் வெந்நீர் வார்த்துக் கால் மணி மூடிவைத்தால் உணவு தயார். எண்ணெயை மட்டும் தனிக் குப்பியில் கொண்டுபோங்கள். முன்பே கலந்தால் சிக்கு வாடை வீசும்.

இரண்டாவது ராகி. கோலார்ச் சீமையின் தானியம் இது. கன்னட நாட்டார் ராகியைப் பொரித்து அரைத்த மாவை ஹுரிஹிட்டு என்பார்கள். அதை மீண்டும் வேகவைக்க வேண்டியதில்லை. வெல்லப் பொடியும் பால் பவுடரும் சேர்த்து வைத்திருந்து, காய்ச்சிய நீரில் கரைத்தால் குழந்தைகளுக்குக் காலை ஆகாரம் ஆகிவிடும்.

மூன்றாவது வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும். நூறு கிராம் வேர்க்கடலை ஐந்நூறுக்கு மேற்பட்ட கலோரி தரும். நடந்துகொண்டே உண்ண இதைவிட எளியது இல்லை.

கோலார்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தக்காளியையும், வெண்டை, கத்தரி போன்றவற்றையும் மெல்லியதாக அரிந்து வற்றலாக்கலாம். ஒடித்தால் ஒடியவேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். உலர்ந்தபின் கண்ணாடிச் சாடியில் ஒரு வாரம் வைத்து நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். உட்புறம் வேர்த்தால் மீண்டும் உலர்த்துங்கள். பூசணம் கண்டால் அடியோடு எறிந்துவிடுங்கள்.

எங்கே உலர்த்துவது என்பதும் முக்கியம். தங்கவயலில், பொன் எடுத்தபின் எஞ்சிய மண் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்பார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளில் படிவதாக அவர்கள் நெடுங்காலமாகக் குறைகூறி வருகிறார்கள். அங்கே மொட்டைமாடியில் திறந்தபடி வற்றல் போடுவது தகாது. மெல்லிய துணியும் அந்த நுண்தூசியைத் தடுக்காது. மூடிய அறையில் மின்விசிறிக் காற்றில் வாடவைத்து, மின் அடுப்புப் பெட்டியின் மிதமான சூட்டில் முடிப்பது நலம். மும்பை நேயர்கள் சஹ்யாத்ரி மலைகளுக்குச் செல்வது பெரும்பாலும் மழைக்காலத்தில். அவர்கள் மே மாதத்திலேயே வற்றலை முடித்துக்கொள்ள வேண்டும். டில்லியில் இருப்போருக்குக் கோடையின் வறண்ட வெயில் நல்ல துணை.

வீட்டில் நீக்கிய தண்ணீரை மலையில் திரும்பச் சேர்த்தாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. வழியில் நீர் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே மூட்டை கட்டுங்கள். அந்தரகங்கையில் வற்றாத ஊற்று உண்டு. எனினும் எந்த ஊற்றுநீரையும் ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள். காய்ந்த புதர்களிடையே தீ மூட்டவேண்டாம். ஒரு நாள் பயணமாயின் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகலாம். அப்போது பாரம் அதிகம் குறையாது. ஆனால் உணவு கெடாது என்ற நிச்சயம் கிடைக்கும். குடிக்கும் நீர் இதற்கு வேறாக இருக்கவேண்டும். அந்தரகங்கையில் குரங்குகள் அதிகம். பைகளைவிட இறுக்கமான மூடியுள்ள டப்பாக்களே பத்திரம்.

முதல் தடவை ஒரு வேளை உணவை மட்டும் இவ்வாறு செய்து, வீட்டிலேயே வெந்நீர் ஊற்றி எல்லோரும் உண்டு பாருங்கள். உப்பும் புளிப்பும் சரியாக இருந்து, குழந்தைகளும் விரும்பினால், அடுத்த விடுமுறைக்கு அதே அளவில் கட்டிக்கொண்டு புறப்படலாம்.