கல்லிலும் மரத்திலும் கொம்பிலும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

புராதன சின்னங்களிலும் இயற்கையிலும் ஆண், பெண் தத்துவம் என்ற தலைப்பைத் தந்திருக்கிறீர்கள். நான் பனிச்சங்கேணிக்காரி. ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்த பெயர் அது. நைலோன் வலை வருமுன் நூல் வலைகளைப் பனிச்சங்காய்ச் சாயத்தில் தோய்த்துத்தான் உக்காமல் காப்பாற்றினார்கள். பனிச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய்ப்பது பெண்மரம் மட்டுமே. ஆனால் ஆண்மரத்தின் பூந்தாது சேராமல் அதுவும் காய்க்காது. பனையும் அப்படித்தான். பாளை தள்ளும் வரை ஒரு வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

இதைக் கண்டவர்கள்தான் கல்லிலும் வடித்தார்கள் என்று எனக்குத் தோன்றும். சிவலிங்கம் என்றதும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் பாணமே நம் நினைவுக்கு வருகிறது. அதைத் தாங்கும் ஆவுடையார் சக்தியின் வடிவம் என்பது சைவ மரபு. பொலன்னறுவைக்குச் சுற்றுலா போனவர்கள் இரண்டாம் சிவதேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். சோழர் காலக் கற்கோயில். அதன் பழைய பெயர் வானவன்மாதேவி ஈசுவரம். சிவன் கோயிலுக்கு ஓர் அரசியின் பெயர்! மும்பைக்கு அருகே எலிபண்டா குகையில் வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் அர்த்தநாரி நிற்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கண்ணகை அம்மன் கோயில்களின் கொம்பு விளையாட்டு இருக்கிறதே. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரு சேரியாரும் இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. கோவலனும் கண்ணகியும் பூக்கொய்யப் போனபோது அவர்களின் கொக்கைத்தடிகள் சிக்கிக்கொண்டன என்பது கதை. சிங்கள மக்களிடமும் பத்தினித் தெய்வத்துக்கு இதே விளையாட்டு உண்டு, அங்கெலிய என்பார்கள். கொளுவாமல் கொம்பு முறியாது என்பதை மட்டும் கவனியுங்கள். தனித்தனியே கிடந்தால் அவை இரண்டும் வெறும் விறகு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கண்ணகி பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இழுப்பவர்களும் ஆண்களே. நாங்கள் ஓரத்தில் நின்று குரவை போடுவோம்.

கோயில் நிர்வாகத்திலும் இதே நிலைதான். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கொக்கட்டிச்சோலை போன்ற பெருங்கோயில்களில் குடிக்கு ஒருவராக வண்ணக்கர் அமர்கிறார். அவருக்கு அந்த உரிமை தாயின் குடியால் கிடைத்தது. தாய் அந்த இருக்கையில் அமர்ந்ததில்லை. அர்த்தநாரியின் இடப்பாதியைக் கும்பிடுகிறோம்; நிர்வாகக் கூட்டத்தில் அந்தப் பாதிக்குக் கதிரை போடுவதில்லை. இதைக் கேட்டுச் சில அண்ணன்மார் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

உடனே கயிற்றை எங்களிடம் தாருங்கள் என்று நான் கேட்க வரவில்லை. அதைக் கேட்பவர்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசையில் சீருடையோடு இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மம்மாவைப் பிடித்து உட்கார்த்தி, நம் குடி எது, அவவின் அம்மா எந்த ஊர், அவவுக்கும் அம்மா யார் என்று நினைவு எட்டும் வரை கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். கல்லில் வெட்டியது ஆயிரம் வருடம் நிற்கும். அம்மம்மாவின் நினைவில் இருப்பதற்கு அவ்வளவு தவணை கிடையாது. நூலகத்தில் அந்தக் கொப்பிகளை வைக்க ஓர் அலுமாரி தருவதாக நம் மூத்த அக்கா ஒருவர் இன்று காலையில்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.